மண்டப மந்திரி

என்னைத் தோற்கடித்தவர்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை என்று எழுதினால் என் கை அழுகிவிடும். வருத்தம் இருக்கிறது. கோபமும் இருக்கிறது. அவர் கல்கத்தாவை விட்டுப் போய் எவ்வளவோ காலமாகிவிட்டது. எனக்கும் முட்டி வலி வந்து மாடிப்படி ஏற முடியாமல் போய்விட்டது. அந்தக் கோபத்துக்கு மட்டும் வயசாகவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் லேக் மார்க்கெட் பக்கம் எங்களுக்கு ஒரு தமிழ்ச் சங்கம் இருந்தது. பெயர் வேண்டாம். அதில் இருந்தவர்களில் பாதிப்பேர் இன்னும் என்னோடு பேசிக்கொண்டிருக்கிறார்கள், அது கெட வேண்டாம். வருஷத்துக்கு ஒரு பொங்கல் விழா, ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு, நவராத்திரிக்கு ஒரு பாட்டுக் கச்சேரி, அவ்வளவுதான் சங்கம். ஆனால் பதவிக்கு நடக்கும் அடிபிடியைப் பார்த்தால் ஒரு மாநிலத்தையே பங்குபோடுகிறார்கள் என்று தோன்றும். செயற்குழுவுக்கு நாங்களே வைத்த பெயர் மந்திரிசபை. சாப்பாட்டு மந்திரி, மேடை மந்திரி, மண்டப மந்திரி என்று ஆளுக்கொரு இலாகா. ஒருவர் இலாகாவில் இன்னொருவர் மூக்கை நுழைக்கக் கூடாது என்பது எழுதாத சட்டம். முன்பு ஒரு வருஷம் சாம்பாரில் உப்பு சரியா என்று மேடை மந்திரி கரண்டியை எடுத்துப் பார்த்து, அதில் இரண்டு குடும்பங்கள் சங்கத்தை விட்டே போய்விட்டன. அதற்குப் பிறகு வந்த சட்டம் அது.

நான் கல்கத்தாவிலேயே பிறந்தவள். அப்பா திருநெல்வேலியிலிருந்து துறைமுக வேலைக்கு வந்தவர். நான் அலிப்பூரில் ஓர் அரசு அலுவலகத்தில் குமாஸ்தா. வீட்டில் நெல்லைத் தமிழ், வெளியில் வங்காளம், வாய்க்குள் இரண்டும் கலந்து கிடக்கும். சங்கத்தில் பத்து வருஷம் பாய் விரித்திருக்கிறேன், இலை எடுத்திருக்கிறேன், மைக்குக்கு அனுமதி வாங்கப் போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். அந்த வருஷம் தலைவர் பதவிக்கு நின்றேன். ஒரு பொம்பளை நிற்கிறாள் என்பதே பலருக்குத் தொண்டையில் முள்.

எதிரே நின்றவர் கும்பகோணத்துக்காரர். ஒரு பொதுத்துறை நிறுவனத்தில் அதிகாரி. கல்கத்தாவுக்கு மாற்றலாகி வந்து ஒன்றரை வருஷம்கூட ஆகவில்லை. டிராமில் டிக்கெட் கேட்கக்கூட வங்காளம் தெரியாது. ஆனால் வெள்ளை வேட்டி, கணீரென்ற குரல், நல்ல தமிழ். பொதுக்குழுவில் ஓட்டுப் போடுவதற்கு முன்னால் எழுந்து பேசினார். நான் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

"அம்மையார் மேல எனக்கு மரியாதை உண்டு. ஆனா அவங்க இங்கேயே பொறந்தவங்க. தமிழ்நாட்டை லீவுக்குப் போயிப் பாத்தவங்க. வாயத் தொறந்தா பாதி வங்காளம். தமிழே தடுமாறுறவங்க கையில தமிழ்ச் சங்கத்தக் குடுத்தா நம்ம புள்ளைங்க கதி என்னங்க?"

சிரித்தார்கள். என் கையால் பரிமாறிய பாயசத்தைக் குடித்தவர்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். சாந்த்ராகாச்சி ரயில்வே குடியிருப்பிலிருந்து ஒரு பஸ் நிறைய ஆட்கள் வந்திருந்தார்கள். முந்தின மாசம்தான் உறுப்பினர் ஆனவர்கள். கூட்டி வந்தது சங்கத்தின் உபதலைவர், ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். பதினோரு ஓட்டில் தோற்றேன். தோற்றதுகூடப் போகட்டும். அந்தச் சிரிப்பு இருக்கிறதே, அதை நான் டிராமில் உட்கார்ந்து வீடு வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தேன். இங்கேயே பிறந்தவளாம்! பிறந்த இடத்தை ஒரு குற்றம்போலச் சொல்லிவிட்டுப் போனான் பாவி.

ஒரு வாரம் கழித்து அந்தப் பாவியே சந்தேஷ் இனிப்புப் பொட்டலத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். கூட உபதலைவர். நான் காபி போட்டுக் கொடுத்தேன். சர்க்கரை தூக்கலாகத்தான் போட்டேன், என்ன இருந்தாலும் வீட்டுக்கு வந்தவர்.

"தேர்தலோட அதெல்லாம் போச்சு மேடம். நீங்களும் குழுவுல இருக்கணும். மண்டபம், மைக்கு, போலீஸ் அனுமதி, இதுக்கெல்லாம் உங்கள விட்டா எங்களுக்கு ஆளு ஏது?"

ஆள் ஏது! மேடையில் ஏற்றிக் கேலி செய்த அதே வங்காளம் இப்போது வேண்டியிருந்தது. உள்ளே என் வீட்டுக்காரர் கதவோரம் நின்று வேண்டாம் என்று தலையை ஆட்டினார். பின்னால் வந்து, "ஏட்டி, உன் மூஞ்சியே சரியில்ல. வேண்டாம்னு சொல்லி அனுப்பிரு" என்றார். நான் வெளியே வந்து, "அதுக்கென்னய்யா, செஞ்சிட்டாப் போச்சு" என்றேன்.

இருவரும் படியிறங்கும்போது உபதலைவர் குரல் கேட்டது. "வேலில போற ஓணான எடுத்து வேட்டிக்குள்ள வுட்டுக்கறீங்க. அப்பறம் குத்துது கொடையுதுன்னு எங்கிட்ட வரப்படாது."

தலைவர் சிரித்தார். "வெளில இருந்தா கல்லெறிவாங்க சார். உள்ள ஒக்கார வச்சா வேலை செய்வாங்க. மனுஷங்கள எனக்குத் தெரியும்."

ஓணான் மேலே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

அப்படி நான் மண்டப மந்திரி ஆனேன். மாசம் ஒரு கூட்டம். ஒவ்வொரு கூட்டத்திலும் அவர் என் தமிழைத் திருத்துவார். "மைக்குக்காரன் வர ஒரு கண்டா ஆகும்" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டால் போதும். "ஒரு மணி நேரம்னு சொல்லுங்க மேடம், நம்ம தமிழ்ச் சங்கம் இது" என்பார். எல்லோரும் புன்சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். சிரித்துக்கொண்டே உள்ளுக்குள் கருவிக்கொண்டிருப்பேன். இருக்கட்டும், ஒரு நாள் உன்னை நடுத்தெருவில் நிறுத்தாவிட்டால் நான் என் அப்பனுக்குப் பிறக்கவில்லை என்று சாமி படத்துக்கு முன்னால் நின்றே சொல்லியிருக்கிறேன். சாமி ஒன்றும் சொல்லவில்லை.

இதற்கு நடுவில் அவர் மனைவி என்னோடு ஒட்டிக்கொண்டாள். முப்பத்தைந்து வயசு இருக்கும், மெலிந்த உடம்பு, பேசும்போது சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டே பேசுவாள். சனிக்கிழமை காலையில் லேக் மார்க்கெட்டில் முருங்கைக்காயும் வாழையிலையும் வாங்க என்னோடு வருவாள். அவளுக்குப் பாஷை தெரியாது. நான்தான் விலை பேசிக் கொடுப்பேன். வாய் நிறைய அக்கா, அக்கா என்பாள். நல்ல பெண். புருஷன்மேல் இருந்த கோபத்தில் அவளை வெறுக்கக்கூட முயற்சி செய்து பார்த்தேன், முடியவில்லை.

தீபாவளி முடிந்த ஒரு சனிக்கிழமை, சின்ன வெங்காயம் பொறுக்கிக்கொண்டே சொன்னாள்.

"அப்பா படுத்த படுக்கையா இருக்காருக்கா. அம்மாவும் இல்ல. நான் ஒரே பொண்ணு. பக்கத்து வீட்டம்மா தான் கஞ்சி வச்சுக் குடுக்குறாங்க. எப்ப வருவே, எப்ப வருவேன்னு போன்ல கேக்குறாரு."

"போயிட்டு வர வேண்டியதுதான?"

"போனேங்கா. பத்து நாளு இருந்தேன். ஸ்கூலு, புள்ளைங்க, எவ்ளோ நாளு இருக்க முடியும்? மார்ச்சுல மெட்ராஸ் ஆபீசுல ஒரு எடம் காலியாவுது. அத முடிவு பண்ற பெரிய அதிகாரி ஜனவரில இங்க வராரு. இவரு அவர விழாவுக்குக் கூப்புட்டு இருக்காரு. அவரு மனசு வச்சா நாங்க ஊரோட போயிடுவோம். மெட்ராஸ்ல இருந்தா வாராவாரம் அப்பாவப் பாத்துக்குவேன். அவ்ளோதாங்கா எனக்கு வேணும்."

சொன்னாள். என் காதில் நன்றாகத்தான் விழுந்தது. எனக்கு மண்டையில் ஏறியதெல்லாம் ஒன்றே ஒன்று, இந்த விழாவில்தான் அவன் குடுமி இருக்கிறது. வெங்காயத்துக்கு நாலணா குறைத்துப் பேசிக் கொடுத்துவிட்டு, "எல்லாம் நல்லபடியா நடக்கும்மா" என்றேன்.

அடுத்த கூட்டத்தில் தலைவர் அறிவித்தார். விழா எப்போதும்போல பொங்கலுக்கு முந்தின ஞாயிறு கிடையாது. பொங்கல் முடிந்து இரண்டாவது ஞாயிறு. சிறப்பு விருந்தினர் அன்றுதான் ஊரில் இருப்பார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் விழா எப்போதும் மார்கழியில் நடந்ததற்குக் காரணம் பக்தி இல்லை, மண்டபம். நாங்கள் எடுப்பது வங்காளிகள் கல்யாணம் நடத்தும் வீடு. நம்முடைய மார்கழி அவர்களுக்குப் பௌஷ் மாசம். நம்மைப்போலவே அவர்களும் அந்த மாசத்தில் கல்யாணம் வைக்க மாட்டார்கள். ஊரிலுள்ள கல்யாண வீடெல்லாம் காலியாகக் கிடக்கும், கேட்ட நாள் கிடைக்கும். தை பிறந்தால் அவர்களுக்கு மாக மாசம். அடக்கி வைத்த கல்யாணமெல்லாம் மடை திறந்த மாதிரி வரும். முகூர்த்த நாளென்றால் துர்கா பூஜைக்கு முன்பே வீடு போய்விடும். இங்கே பிறந்த எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். குழுவில் என்னைத் தவிர எல்லோரும் மாற்றலில் வந்தவர்கள், அவர்களுக்குத் தெரியாது. பத்து வருஷமாக மண்டபம் சுலபமாகக் கிடைத்ததால், அது எப்போதும் கிடைக்கும் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

சத்தியமாகச் சொல்கிறேன், முதலில் நான் வாயைத் திறந்தேன். "தேதிய மாத்துனா மண்டபம்..." என்று ஆரம்பித்தேன். அவர் கையை உயர்த்தினார்.

"மேடம், தேதி என் முடிவு. மண்டபம் உங்க வேலை. அவங்கவங்க இலாகாவ அவங்கவங்க பாத்துப்போம். என்ன?"

சுற்றி இருந்தவர்கள் தலையாட்டினார்கள். பழம் நழுவிப் பாலில் விழுந்தது. விழுந்த சத்தமே எனக்குக் கேட்டது.

"சரிங்கய்யா. நான் பாத்துக்கிடுதேன்" என்றேன்.

மறுநாள் அலுவலகம் முடிந்து மண்டபத்துக்குப் போனேன். போகாமலே இருந்தால் பிறகு கேள்வி வரும் அல்லவா? மேனேஜர் என் பழைய சிநேகிதர், நான் அவருக்குத் தீதி, அவர் எனக்குத் தாதா, அக்கா அண்ணன் மாதிரி. தேதியைக் கேட்டதும் வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து சிரித்தார். தீதி, நீங்களுமா இப்படிக் கேட்கிறீர்கள், அன்று பெரிய முகூர்த்தம், வீடு போய் நாலு மாசமாகிறது என்றார். அப்புறம் அவராகவே, பின்சந்துப் பள்ளிக்கூடத்தில் பெரிய ஹால் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை சும்மாதான் கிடக்கும், தலைமையாசிரியர் என் மச்சான், இப்போதே ஒரு வார்த்தை சொல்லட்டுமா என்று கேட்டார்.

இந்த இடத்தில் நான் நின்று யோசித்தேன் என்று எழுத ஆசைதான். யோசிக்கவில்லை. "வேண்டாம் தாதா, நான் வேறு இடம் பார்த்துவிட்டேன்" என்று வங்காளத்தில் சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கி நடந்தேன். அன்றைக்குப் பார்த்து எனக்கு அவ்வளவு பசி. ஒரு கடையில் நின்று இரண்டு முட்டை ரோல் சாப்பிட்டேன்.

அழைப்பிதழ் அச்சானது. தேதிக்குக் கீழே அவர் பெயர் கொட்டை எழுத்தில். மண்டபத்தின் விலாசம் வழக்கம்போல. கூட்டத்தில் யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்க மாட்டார்கள், அது என் இலாகா. உபதலைவர் மட்டும் ஒரு தடவை, "மண்டபத்துல ஒண்ணும் சிக்கல் இல்லையே?" என்று இழுத்தார். "அவங்க பாத்துப்பாங்க சார்" என்று தலைவரே எனக்காகப் பதில் சொன்னார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு, வேண்டுமென்றே அரை மணி தாமதமாகப் போனேன். தெருமுனையில் டிராமை விட்டு இறங்கும்போதே ஷெனாய் சத்தம் கேட்டது.

அடேயப்பா, என்ன காட்சி! மண்டப வாசலில் சாமந்தியும் ரஜனிகந்தா என்கிற சம்பங்கியும் தோரணம் கட்டியிருந்தது. எதிர்ப் பிளாட்பாரத்தில் எங்கள் ஜனம் முழுவதும் நின்றது. காஞ்சிபுரம் பட்டு, வேட்டி, தலைப்பின்னலில் குஞ்சம் வைத்த பெண்குழந்தைகள், ஆளுயரக் கரும்புக் கட்டு, கைவண்டியில் அண்டா குண்டா, கையைப் பிசைந்துகொண்டு சமையல்காரர். சாந்த்ராகாச்சிக்காரர்களின் பஸ்ஸும் வந்து நின்றது. வா ராசா வா, ஓட்டுப் போட வந்தவர்கள்தானே, இதையும் பாருங்கள் என்று நினைத்துக்கொண்டேன். உள்ளே மணப்பெண்ணுக்கு மஞ்சள் பூசுகிறார்கள். பெண்கள் குலவையிட்டார்கள். எங்கள் ஊர்க் குலவையேதான்.

தலைவர் வாசலில் நின்று பெண்வீட்டுக்காரர் ஒருவரோடு கையாலும் ஆங்கிலத்தாலும் போராடிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஓடி வந்தார். அந்தக் கணீர்க் குரல் எங்கே போனதோ தெரியவில்லை.

"மேடம், என்னங்க இது? என்னங்க மேடம் இது?"

இந்தக் கேள்விக்கான பதிலை இரண்டு மாசமாக டிராமில் உட்கார்ந்து ஒத்திகை பார்த்திருந்தேன். ஒரு வங்காள வார்த்தை கலக்காமல், ஓர் ஆங்கில வார்த்தைகூடக் கலக்காமல், கடைசி வரிசைக் கரும்புக்கும் கேட்கிறமாதிரி சொன்னேன்.

"தலைவர் அவர்களே, வழக்கமான தேதியை விட்டால் மண்டபத்தை நம்ப முடியாது. இதைச் சொல்லத்தான் அன்று கூட்டத்தில் வாய் திறந்தேன். தேதி என் முடிவு என்று கையை உயர்த்தி என்னை அடக்கியது தாங்கள்தான். குழுவே சாட்சி. என் தமிழ் தடுமாறும் தமிழ். அதனால் தங்களுக்குப் புரியாமல் போயிருக்கலாம்."

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. குழுவில் இருந்த ஒருவர், "அம்மா சொல்ல வந்தாங்க, நெசந்தான்" என்றார். என் வாழ்நாளில் அவ்வளவு இனிப்பான வாக்கியத்தை நான் கேட்டதில்லை.

அந்தச் சமயம் பார்த்து அம்பாசடர் வந்து நின்றது. மெட்ராஸ் அதிகாரி இறங்கினார். நெற்றியில் பளிச்சென்று திருநீறு. மாலையோடு வரவேற்க யாரும் போவதற்குள் மாப்பிள்ளை வீட்டுச் சீர்வரிசை அந்த வாசலுக்கு வந்துவிட்டது. வரிசையாகத் தட்டுகள். முதல் தட்டில் ஒரு பெரிய ரோகு மீன். வங்காளி வழக்கப்படி அதற்கு மணப்பெண்போலச் சிவப்புச் சேலை கட்டி, நெற்றியில் குங்குமம் வைத்திருந்தார்கள். அதிகாரியின் மூக்குக்கு நேராக அந்த மீன் போயிற்று. அவர் இரண்டடி பின்வாங்கிக் கரும்புக் கட்டின்மேல் மோதினார். நானே திட்டம் போட்டிருந்தாலும் அப்படி அமைந்திருக்காது.

"என்னய்யா இதெல்லாம்? யாரு ஏற்பாடு?" என்று கேட்டார்.

தலைவர் ஏதோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. அதிகாரி சொன்னது எல்லோருக்கும் கேட்டது.

"ஒரு நாள் கூத்துக்கு எடம் பாக்கத் தெரியல. நீங்கள்ளாம்..." மிச்சத்தைச் சொல்லாமல் காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

கார் கிளம்பியபோது கூட்டத்திலிருந்து தலைவரின் மனைவி வெளியே வந்தாள். கையில் ஒரு வெள்ளிக் கிண்ணம். அவருக்கென்று வீட்டிலேயே செய்த சர்க்கரைப் பொங்கல். காரின் பின்னால் நாலடி ஓடினாள். "சார், ஒரு வாய்... சார்..." என்றாள். கார் முனை திரும்பிப் போய்விட்டது. அவள் நடுத்தெருவில் கிண்ணத்தோடு நின்றாள். ரிக்‌ஷாக்காரன் மணியடித்து அவளை விலகச் சொன்னான். நடுத்தெருவில் நிறுத்துவேன் என்று நான் சாமியிடம் சொன்னது அவளை இல்லை. பார்த்தேன். பார்க்காத மாதிரித் திரும்பிக்கொண்டு சமையல்காரரிடம் ஏதோ பேசினேன்.

அன்று மத்தியானம் பொங்கலையும் வடையையும் அவரவர் தூக்குப் பாத்திரத்தில் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனோம். என் வீட்டுக்காரர் இலையில் உட்கார்ந்து பொங்கலைத் தொடாமல் என்னைப் பார்த்தார்.

"ஒனக்குத் தெரியும்லா?"

"சாப்பிடுங்க, ஆறிரும்" என்றேன். நான் இரண்டு தடவை போட்டுக்கொண்டு சாப்பிட்டேன்.

மார்ச்சில் உத்தரவு வந்தது. மெட்ராஸ் இடம் வேறொருவருக்குப் போயிற்று. செய்தி கேட்டதும் அடுத்த பொதுக்குழுவில் ஆள் தலைகாட்ட மாட்டான், தலைவர் நாற்காலி நமக்குத்தான் என்று நான் மனசுக்குள் பட்டாபிஷேகமே நடத்திவிட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். அவர் மட்டும் மெட்ராஸுக்குப் போயிருந்தால் ஏப்ரலில் அந்த நாற்காலி காலியாக இருந்திருக்கும், நானும் போட்டியே இல்லாமல் ஏறி உட்கார்ந்திருப்பேன். ஒரு மண்டபத்தை மட்டும் ஒழுங்காகப் பிடித்துக் கொடுத்திருந்தால் போதும், சனியன் தானாகவே ரயிலேறியிருக்கும். போகிறவனைக் கையைப் பிடித்து உட்கார வைத்தவள் நான்தான்.

அவர் மறுபடி நின்றார். பேச்சு எதுவும் பேசவில்லை. "விழாவுல நடந்த தப்பு என்னுது. மன்னிச்சிருங்க" என்று கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தார். தமிழன் எதை மறந்தாலும் அனுதாப ஓட்டை மறக்க மாட்டான். பெண்கள் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பதினோரு ஓட்டில் தோற்ற நான் இந்த முறை ஐம்பதுக்கு மேல் தோற்றேன். இலாகா பிரிக்கும்போது உபதலைவர், "மண்டபத்துக்கு வேற ஆளப் போட்டுருவோமே" என்றார். தலைவர் காகிதத்திலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"வேணாம் சார். மேடமே இருக்கட்டும்."

இருந்தேன். ஒன்றல்ல, இரண்டல்ல, எட்டு வருஷம். இரண்டாயிரம் பிறந்தும் அவர் கல்கத்தாவில்தான் இருந்தார். எட்டு வருஷமும் அவர்தான் தலைவர், நான்தான் மண்டப மந்திரி. பிறகு ஒரு தடவைகூட என் தமிழை அவர் திருத்தவில்லை. அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. தெரிந்துதான் வைத்திருந்தாரா, தெரியாமல் வைத்திருந்தாரா என்று கேட்டுவிட வாய் வரைக்கும் வரும், கேட்க மாட்டேன். கடைசியில் வங்காளமும் கற்றுக்கொண்டுவிட்டார் மனுஷன்.

அவரைப் பற்றி இவ்வளவு போதும். அந்த இரண்டாவது தேர்தல் முடிந்து வந்த ஆடி மாசத்தைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன்.

அவள் அப்பாவுக்கு மூச்சு இழுக்கிறது என்று போன் வந்தது. அவள் பிள்ளைகளைப் புருஷனிடம் விட்டுவிட்டுத் தனியாகக் கிளம்பினாள். நான் புளியோதரை கிளறி, என் மூன்றடுக்குத் தூக்கில் போட்டு எடுத்துக்கொண்டு ஹௌராவுக்கு ஓடினேன். ரயிலுக்குள் அவளை உட்கார வைத்து, ஜன்னல் வழியாகத் தூக்கைக் கொடுத்தேன். "வழில சாப்பிடும்மா" என்றேன். அவள் என் விரலைப் பிடித்துக்கொண்டு, "இருப்பாராக்கா?" என்றாள். "இருப்பாரும்மா, இருப்பாரு" என்றேன்.

அவர் இருக்கவில்லை. ரயில் ஆந்திராவில் போய்க்கொண்டிருக்கும்போதே போய்விட்டார். ஆடி வெயிலில் அதற்குமேல் வைத்திருக்க முடியவில்லை என்று ஊரில் எடுத்துவிட்டார்கள். அவள் போய்ச் சேர்ந்தபோது வீட்டைக் கழுவி விட்டிருந்தார்களாம். முகம் பார்க்கக் கிடைக்கவில்லை. கடைசி இரண்டு நாளும் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் அவள் பெயரைத்தான் கூப்பிட்டார் என்று அந்தப் பக்கத்து வீட்டம்மா சொல்லியிருக்கிறாள்.

காரியங்கள் முடிந்து மூன்று வாரம் கழித்துத் திரும்பினாள். மறுநாள் சாயங்காலம், தெருவில் மழைத் தண்ணீர் முழங்கால் அளவு நிற்கும்போது, சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். என் தூக்கைக் கொடுத்தாள். பளபளவென்று தேய்த்துக் கழுவியிருந்தாள். நான் மூடியைத் திறந்து பார்த்தேன். வெறுமனே இருந்தது. ஒருவர் வீட்டுப் பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கும் பழக்கம் எங்கள் இரண்டு வீட்டிலும் கிடையாது. ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுப்போம். துக்க வீடு, அதனால்தான் போடவில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

காபி வேண்டாம் என்றாள். உட்காரவும் இல்லை. தலைப்பைத் திருகவும் இல்லை. அதைத்தான் முதலில் கவனித்தேன்.

"மேல் வீட்டு வங்காளி மாசிமா, இங்கிலீஷ் பேசுறவங்க, துக்கம் கேக்க வந்தாங்கக்கா. நான் அழுதுட்டே, விழா நல்லபடியா நடந்துருந்தா அப்பாவப் பாத்துருப்பேன்னு சொன்னேன். அவங்க என்ன, மாக மாசத்துலயா மண்டபம் தேடுனீங்கன்னு ஆச்சரியமாக் கேட்டாங்க. பௌஷ்ல கேட்டாக் கெடைக்கும், மாகத்துல கெடைக்காது, இது இங்க சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியுமேன்னாங்க."

நான் தூக்கின் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"உங்களுக்குத் தெரியாதாக்கா?"

"தெரியாதும்மா" என்றேன்.

அவள் அழவில்லை. கோபமாகவும் பார்க்கவில்லை. வாசலில் கழற்றிப் போட்ட செருப்பைக் காலால் தேடி மாட்டிக்கொண்டு, சேலையை மறுபடி தூக்கிப் பிடித்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னாள்.

"நீங்க இங்கேயே பொறந்தவங்களாச்சேக்கா."

படியிறங்கித் தண்ணீரில் நடந்து போனாள்.